சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம்: நம்ம ஊர் இன நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அண்ணே, நல்ல சிப்பிப்பாறை குட்டி ஒண்ணு வேணும், எங்க கிடைக்கும்?" என்று மாதத்துக்கு நாலைந்து பேராவது போன் பண்ணுகிறார்கள். பதிலுக்கு நான் கேட்கிற முதல் கேள்வி, "காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?" என்பதுதான். எட்டு மணி என்று சொன்னால் அங்கேயே பேச்சை வேறு நாய்க்குத் திருப்பிவிடுவேன். இந்த நாய்கள் காசைக் கேட்பதைவிட நம் நேரத்தைத்தான் அதிகம் கேட்கும், அதுவும் தினமும், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்ம ஊர் நாய்களைப் பெயர் சொல்லிப் பேசினார். அதற்கு முன்பே, 2005ல், ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலையே வந்துவிட்டது. கர்னாலில் இருக்கிற தேசிய கால்நடை மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறையான இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பேர் பரவிய வேகத்தில், நாய் எதற்காக உருவானது என்ற விஷயம் கூடவே பரவவில்லை. ஆசையாக வாங்கி, ஆறே மாதத்தில் "சமாளிக்க முடியல, யாராவது எடுத்துக்கிறீங்களா" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் கேள்வி ஒன்றாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையாகவே போவோம்.

முதல் படி: நாயைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், வீடு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவது யார். அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். ஒரு ஆள் பெயர் வேண்டும். அந்த ஆள் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நாய்க்கென்று ஒதுக்க முடியுமா?

அடுத்தது இடம். வாடகை வீடா, சொந்த வீடா? வாடகை என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் வாயால் கேட்டுவிடுங்கள், குட்டியைக் கொண்டுவந்த பிறகு கேட்பது சண்டையில்தான் முடியும். சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம்? வளர்ந்த சிப்பிப்பாறைக்கு ஐந்தடிச் சுவர் ஒரு பெரிய விஷயமே இல்லை. முள்கம்பி வேலி இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள், இந்த நாய்களின் தோல் மெல்லிசு, வேகமாக ஓடிப்போய் கம்பியில் கிழித்துக்கொண்டு தையல் போட வேண்டி வரும். வீட்டில் கோழி, முயல், பூனை உண்டா? பக்கத்து வீட்டில்? நடக்கத் தள்ளாடுகிற பெரியவர்கள் உண்டா? இருபது இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாய் ஆசையாக ஓடிவந்து மோதினாலே இடுப்பு எலும்பு போய்விடும்.

இதையெல்லாம் எழுதிப் பார்த்த பிறகும் மனசு மாறவில்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாவது படி: எந்த நாய் எந்த வேலைக்குப் பிறந்தது

நாயின் குணம் என்பது பெரும்பாலும் அதன் முன்னோர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதுதான். நிறம், உயரம், அழகு எல்லாம் அதற்கப்புறம்.

ராஜபாளையம். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம்தான் ஊர். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, இரண்டடிக்கு மேல் உயரம், கனத்த எலும்பு. வேட்டைக்கும் போயிருக்கிறது, தோட்டக் காவலுக்கும் இருந்திருக்கிறது. இப்போது நான் பார்க்கிறவரை காவல் குணம்தான் தூக்கலாக இருக்கிறது. வீட்டு ஆட்களில் ஒருவரை, அதிகம் போனால் இருவரை, தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். அவர் சொன்னால் கேட்கும், மற்றவர்கள் சொன்னால் யோசிக்கும். புது ஆள் தொட்டுத் தடவுவதை விரும்பாது. தினம் பத்து விருந்தாளி வந்துபோகிற வீட்டுக்கும், வாசலில் கடை வைத்திருப்பவர்களுக்கும் இது சரிப்படாது. மேல்தோலில் நிறமில்லாததால் உச்சி வெயிலில் மூக்கும் காது நுனியும் வெந்துபோகும், நிழல் கட்டாயம். இன்னொரு பெரிய விஷயம் காது. அதைக் குட்டி பார்க்கிற இடத்தில் சொல்கிறேன்.

சிப்பிப்பாறை. இதுவும் கரிசல் காட்டு நாய். கண்ணால் பார்த்து, காலால் துரத்திப் பிடிக்கிற வகை. மெல்லிய உடம்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம், சாட்டை மாதிரி வால். செவலை, மயிலை, சாம்பல், கருப்பு என்று பல நிறத்தில் உண்டு. வீட்டுக்குள் இருக்கும்போது இவ்வளவு அமைதியான நாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஓரமாகச் சுருண்டு படுத்துக்கொண்டு, தேவையில்லாமல் குரைக்காமல், இருப்பதே தெரியாது. அந்த அமைதியைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எதிரே ஒரு பூனையோ கீரியோ குறுக்கே ஓடட்டும், அந்த நொடியில் உங்கள் குரல் அதன் காதில் விழாது.

எங்கள் வீட்டில் செம்பி என்று ஒரு செவலைப் பொட்டை இருந்தாள். மதுரைக்குக் குடிவந்த புதிதில், காலை நடையின்போது, குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை பாய்ந்தது. நான் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அவள் தலையைக் கீழே தாழ்த்தி, ஒரு எட்டு பின்னால் வைத்தாள், கழுத்துப்பட்டை காதைத் தாண்டி வழுக்கிக் கீழே விழுந்தது, ஆள் போய்விட்டாள். பட்டை மட்டும் சங்கிலி நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. நாலு மணி நேரம் தெருத்தெருவாகத் தேடி, புறவழிச் சாலை ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைக் கண்டுபிடித்தோம். இந்த வகை நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து அகலம், சாதாரணப் பட்டை நிற்கவே நிற்காது. இழுத்தால் ஓரளவு இறுகி நிற்கிற அகலப் பட்டையோ, நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிற வாரோதான் போட வேண்டும். இது எனக்கு அன்றைக்கு வரை யாரும் சொல்லித்தராத பாடம்.

கன்னி. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே நாய்தான், நிறம்தான் வேறு என்பவர்களும் உண்டு, இல்லை தனித்தனி என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. பொதுவாகக் கருப்பு உடம்பில் கால்களும் மார்பும் முகமும் செம்பழுப்பாக, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு வைத்த மாதிரி இருப்பதைக் கன்னி என்கிறோம். கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் அதிகம். கல்யாணப் பெண்ணோடு சீராக அனுப்புவார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். குணத்தில் நாலிலும் கூச்சம் அதிகம் இதற்குத்தான். அதட்டினால் ஒடுங்கிவிடும், அடித்தால் ஜென்மத்துக்கும் கையைக் கண்டு பயப்படும். கத்திப் பேசுகிற வீட்டுக்குக் கன்னி வேண்டாம்.

கோம்பை. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர் கோம்பை. மற்ற மூன்றையும்விட உயரம் கொஞ்சம் கம்மி, ஆனால் கட்டுமஸ்தான உடம்பு, செம்பழுப்பு நிறம், கருத்த வாய். காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற நாய், மாட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல் கிடந்த நாய். உஷார் என்றால் அப்படி ஒரு உஷார். ராத்திரி வேலிக்கு வெளியே ஒரு சருகு அசைந்தால் எழுந்து நிற்கும். பிடிவாதம் அதிகம், மற்ற நாய்களோடு மோதும், தன் எல்லைக்குள் வந்தவனை விடாது. தோப்பு, தோட்டம், மாட்டுத் தொழுவம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. முதல் தடவை நாய் வளர்ப்பவருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் கோம்பையை நான் சொல்லவே மாட்டேன்.

இந்த நாலுமே உங்கள் தாளில் எழுதியதோடு பொருந்தவில்லையா? சின்னக் குழந்தைகளும் விருந்தாளிகளும் நிறைந்த வீடு என்றால் லாப்ரடார் அனுசரித்துப் போகும், ஆனால் அதற்கும் தினமும் நடை வேண்டும், தின்றுவிட்டுப் படுக்க விட்டால் இடுப்பு மூட்டு போய்விடும். சின்ன வீடு, நேரம் கம்மி என்றால் ஸ்பிட்ஸ் பழகிய நாய், குரைப்பை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு நம்ம வெயிலில் மூச்சு விடுவதே போராட்டம், பனிநாட்டு ஹஸ்கியை மதுரை மே மாதத்தில் வைத்திருப்பது அதைவிடக் கொடுமை. ஆசைக்காகக்கூட வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நம் தெருவில் பிறக்கிற நாட்டு நாய்க்குட்டி இருக்கிறது. நோய் எதிர்ப்பு, வெயில் தாங்குவது, புத்தி எதிலும் குறைவில்லை. முதல் நாயாக வளர்க்க நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது படி: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

பஸ்ஸில் அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். நேரில் போங்கள். தாய்நாயைப் பார்க்காமல் குட்டியை எடுக்கவே கூடாது. தாய் எலும்பும் தோலுமாக, ஆளைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறதா, இல்லை சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்கிறதா? அந்தக் குணம் குட்டிக்கும் வரும். அப்பன் நாய் எது என்று கேளுங்கள். நல்ல ரத்தம் கலையக்கூடாது என்று சொல்லி அண்ணன் தங்கையையே இணை சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இந்த இனங்களில் காது கேளாமையும் தோல் நோயும் கூடிக்கொண்டே போகிறது.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் அது கடியின் அளவு தெரியாமலே வளரும். கூடப்பிறந்த குட்டியைக் கடித்து, அது கத்தி, விளையாட்டை நிறுத்தி, இப்படித்தான் "இவ்வளவு அழுத்திக் கடிக்கக் கூடாது" என்பதை நாய் கற்றுக்கொள்கிறது. அதை நாம் பிறகு சொல்லித்தர முடியாது.

இப்போது காது விஷயம். உடம்பில் நிறமி இல்லாத வெள்ளை நாய்களுக்கு உள்காதிலும் நிறமிச் செல்கள் இல்லாமல் போவதுண்டு, அப்படியானால் பிறந்த சில வாரத்திலேயே காது செத்துவிடும். ராஜபாளையத்தில் இது அடிக்கடி வருகிற குறை. சோதிப்பது எப்படி என்றால், குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செவிட்டுக் குட்டி மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அல்லது தூங்கும்போது, பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நின்று ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். தரையில் தட்டக் கூடாது, அதிர்வு அதன் காலுக்குத் தெரிந்துவிடும். கிட்டே நின்று கை தட்டக் கூடாது, காற்று படும். உங்கள் நிழலும் அதன் மேல் விழக் கூடாது. என் சித்தப்பா மகன் வாங்கிவந்த குட்டியை அவன் வீட்டுத் திண்ணையில் வைத்து நான் இப்படித் தட்டிப் பார்த்தேன். மூன்று தடவை தட்டினேன், அது எறும்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவை தட்டிலிருந்து கரண்டி வழுக்கித் தரையில் விழுந்தபோதுதான் சட்டென்று திரும்பியது. கேட்கவில்லை, தரை அதிர்ந்தது தெரிந்திருக்கிறது. அந்தக் குட்டியை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை, கைச்சைகையாலேயே பழக்கி இன்றுவரை நன்றாக வைத்திருக்கிறான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, வாங்கியபின் "சொன்னதே கேட்க மாட்டேங்குது" என்று அடிப்பது வேறு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தத் தட்டுச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதற்குக் கால்நடை மருத்துவமனையில் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்றபடி கண்ணில் பீளை, ஊதிய வயிறு, வாலடியில் கழிச்சல் ஒட்டியிருப்பது, உள்ளங்காலுக்கு நடுவே உண்ணி, இதெல்லாம் பாருங்கள். பெட்டியின் மூலையில் ஒதுங்கி நடுங்குகிற குட்டி மேல் பரிதாபம் வரும், எல்லோர் மேலும் ஏறி மிதிக்கிற குட்டி மேல் ஆசை வரும். முதல் தடவை வளர்ப்பவர் இரண்டையும் விட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கிப் பிறகு கிட்டே வந்து மோந்து பார்க்கிற குட்டியை எடுப்பது நல்லது. கடுவனா பொட்டையா என்பது உங்கள் விருப்பம். பொட்டை சீக்கிரம் பழகும், பருவம் வருகிற நாட்களைச் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்காவது படி: வீட்டுக்கு வந்த முதல் பத்து நாள்

முதல் இரண்டு மூன்று ராத்திரி அழும். அழத்தான் செய்யும், தாயின் சூட்டிலிருந்து வந்திருக்கிறது. தனியாக மொட்டைமாடியில் விடாதீர்கள். உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கோணிச்சாக்கு, மேலே பழைய போர்வை, கிளம்பும்போது தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தால் இன்னும் நல்லது. இந்த நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு ரொம்பக் கம்மி, வெறும் சிமெண்ட் தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்புக் காய்த்துப் புண்ணாகிவிடும், மார்கழிக் குளிரில் நடுங்கும்.

தின்றவுடன், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள், அங்கே ஒன்றுக்கோ இரண்டுக்கோ போனால் உடனே ஒரு தட்டிக்கொடுத்தல். வீட்டுக்குள் போய்விட்டால் துடையுங்கள், மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்க்காதீர்கள். அது உங்களைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளுமே தவிர இடத்தைக் கற்றுக்கொள்ளாது.

தெருவில் மட்டும் இறக்கிவிட வேண்டாம். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

ஐந்தாவது படி: ஊசி, பூச்சி மருந்து, உண்ணி

பார்வோ என்று ஒரு வைரஸ். ரத்தமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். நோயுள்ள நாய் கழிந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். அதனால்தான் ஊசி முடியும்வரை தெரு வேண்டாம் என்கிறேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டு ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை பதினாறு வாரம் ஆகும்வரை, அப்புறம் மருத்துவர் சொல்கிற இடைவெளியில். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருடா வருடம். இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, வெறிநோய் வந்துவிட்டால் நாய்க்கும் மருந்தில்லை, மனிதனுக்கும் மருந்தில்லை. செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் போடுவார்கள். குடல்புழு மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மாதம் வரை, பிறகு மாதம் ஒன்று ஆறு மாதம் வரை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். நம்ம ஊர் நாய்களை அதிகமாகச் சாகடிக்கிற நோய்களில் உண்ணிக் காய்ச்சல் ஒன்று. செம்பி ஒரு நாள் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அருகில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன், ரத்தம் பார்க்காமலேயே காய்ச்சலுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் வெள்ளைத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம், மூக்கிலிருந்து. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வேறு இடத்துக்கு ஓடி ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. நாலு வாரம் மாத்திரை கொடுத்துத் தேற்றினோம். அதனால் நாய் சோர்ந்து, சாப்பிடாமல் இருந்தால் ரத்தப் பரிசோதனையை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

தினமும் சாயங்காலம் விரலால் தடவிப் பாருங்கள்: காது மடல் உள்ளே, கால் விரல் இடுக்கு, அக்குள், வாலடி. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள், நகத்தால் நசுக்காதீர்கள். உண்ணி நாயின் மேல் முட்டையிடாது, கீழே இறங்கி சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும்தான் முட்டையிடும், அதனால் இடத்துக்கும் சேர்த்து மருந்து அடிக்க வேண்டும். ஆட்டுக்கு அடிக்கிற மருந்தை அளவு தெரியாமல் நாய்க்கு ஊற்றி, அது நக்கிச் செத்த கதைகள் எங்கள் பக்கம் நிறைய. உண்ணிக்கு நாய் மென்று தின்கிற மாத்திரைகள் இப்போது வந்திருக்கின்றன, விலை அதிகம்தான், ஆனால் காய்ச்சல் வந்தபின் ஆகிற செலவில் அது கால்வாசி கூட வராது.

மனிதனுக்குத் தருகிற பாராசிட்டமால், வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஓடும் வகை நாய்கள் மயக்க மருந்துகள் சிலவற்றிலிருந்து தெளிய அதிக நேரம் எடுக்கும், அறுவை சிகிச்சைக்கு முன் "இது சிப்பிப்பாறை" என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பெரிய சிக்கல் என்றால் சென்னை வேப்பேரியிலும் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஆறாவது படி: சோறு

பழைய ஆட்கள் கம்மங்கூழும் கேழ்வரகுக் களியும் மோரும் ஊற்றித்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்த நாய் காட்டில் எலியும் முயலும் பிடித்துத் தின்றது என்பதை மறந்துவிடுகிறோம். வெறும் பால் சோறும் தயிர் சோறும் போட்டால் எலும்பு வளையும். சோறோ கேழ்வரகோ ஒரு பங்கு என்றால், வேகவைத்த கோழி, முட்டை, மீன், ஈரல் என்று புரதம் அதைவிடக் குறையாமல், கூட கொஞ்சம் கேரட், பூசணி. இருபது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சமைத்த உணவாக அரை முதல் முக்கால் கிலோ, இரண்டு வேளையாக. குட்டிக்கு நாலு வேளை, பிறகு மூன்று. முடிந்தால் குட்டிப் பருவத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதிகமானாலும் கெடுதல்தான்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. பிரியாணி மிச்சத்தில் வெங்காயமும் வெந்த எலும்பும் இரண்டுமே இருக்கும். வெந்த எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் கிழித்துவிடும்.

"என்னப்பா, சோறே போட மாட்டியா, விலா எலும்பு தெரியுதே" என்று தெருவில் எல்லோரும் கேட்பார்கள். கேட்கட்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் ஆரோக்கியம். முதுகெலும்பு முள்முள்ளாகத் துருத்தி, தொடைச் சதை வற்றினால்தான் கவலைப்பட வேண்டும். அப்புறம், தின்றவுடன் ஓடவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

ஏழாவது படி: ஓட்டமும் பழக்கமும்

ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற வயது மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைதான். அதற்குள் ஊசியும் முடிந்திருக்காது. அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். மார்க்கெட் சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, ஊன்றுகோல், சின்னப் பிள்ளைகளின் கத்தல், ஆட்டோ எல்லாவற்றையும் உங்கள் இடுப்பில் இருந்தபடி பார்க்கட்டும். கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் இதை இரட்டிப்பாகச் செய்யுங்கள். "காவல் நாய்தானே, யாரிடமும் பழகவிடாமல் வளர்த்தால்தான் கடிக்கும்" என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். பழகாத நாய் பயத்தில் கடிக்கும், அது பால்காரரையும் கடிக்கும், உங்கள் பேரனையும் கடிக்கும்.

கூப்பிட்டால் வருவதுதான் முதல் பாடம். நீளமான கயிறு ஒன்றைக் கட்டி, காலி மைதானத்தில், வந்தவுடன் கையில் ஒரு துண்டு கோழி. வந்தபின் ஒருநாளும் திட்டாதீர்கள், எவ்வளவு நேரம் அலைக்கழித்திருந்தாலும் சரி. ஓட்டத்துக்குச் சுற்றிலும் அடைத்த இடம் வேண்டும், பள்ளி மைதானம், தெரிந்தவர் தோட்டம், எதுவாக இருந்தாலும். வாரத்தில் மூன்று நாளாவது முழு வேகத்தில் ஓடட்டும். பைக்கில் கட்டி இழுத்து ஓட்டாதீர்கள், ஒரு வயது ஆகாத நாயின் மூட்டு அதில் போய்விடும்.

முயல் வேட்டைக்குக் கூட்டிப்போகிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், நாய் வைத்துத் துரத்தினாலும் வேட்டைதான். நாயின் வேட்கைக்குத் துணி கட்டிய கயிற்றை இழுத்து ஓடவிட்டாலே போதும், அது சந்தோஷமாகத் துரத்தும்.

வெயில் காலத்தில் காலை ஆறரைக்குள், சாயங்காலம் ஆறுக்கு மேல். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிவிட்டுக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

எட்டாவது படி: சட்டமும் அக்கம்பக்கமும்

1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். எப்போதும் கட்டியே போட்டிருக்கிற நாய்க்குத் தேவையான நடை கொடுக்காமல் இருப்பது குற்றம் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டு வருவதும் அதே பிரிவில் குற்றம். நாயைச் சரியாக அடக்கி வைக்காமல் ஆட்களுக்கு ஆபத்து வரும்படி விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும், மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு முறைப்படி பதிவு செய்யுங்கள். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். நடக்கப் போகும்போது ஒரு பழைய பேப்பரோ பையோ எடுத்துப் போய், கழிவை அள்ளுங்கள். பக்கத்து வீட்டோடு வருகிற சண்டையில் பாதி இதனால்தான்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் வாதாடாதீர்கள். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து, அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்பதாவது படி: குட்டி போடவைக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் போல இருக்கும், சினை அறுபத்து மூன்று நாள், ஏழெட்டுக் குட்டி. அந்த ஏழெட்டுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிற ஏழெட்டு வீடு உங்களால் தேட முடியுமா? முடியாது என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். செய்யாமல் விட்ட பொட்டைகளுக்கு வயதானபின் கருப்பையில் சீழ் பிடிப்பது மிகவும் சகஜம், உயிரையே வாங்கிவிடும். இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள், காது சோதித்து, ரத்த உறவு பார்த்து, பதினெட்டு மாதம் ஆகாத பொட்டையைச் சேர்க்காமல், ஒரு வளர்ப்பாளரிடம் சில வருடம் கூட இருந்து கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

பத்தாவது படி: நீங்கள் ஊரில் இல்லாத நாளும், அது கிழடாகிற நாளும்

கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வருடத்தில் இருபது நாளாவது வீட்டைப் பூட்டுவோம். குட்டியாக இருக்கும்போதே ஒரு நண்பர் கையால் வாரம் ஒரு வேளை சாப்பிடப் பழக்குங்கள், கன்னியும் ராஜபாளையமும் புது ஆள் வைத்தால் இரண்டு நாள்கூடப் பட்டினி கிடக்கும். தீபாவளிக்கு மட்டும் ஊருக்குப் போகாதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு சுவர் தாண்டி ஓடிக் காணாமல் போகிற நாய்கள் அந்த இரண்டு நாளில்தான் அதிகம். உள்ளறையில் ஜன்னலை மூடி, டிவியைச் சத்தமாக வைத்து, கூடவே உட்காருங்கள். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த ஒரு தகடு எப்போதும் இருக்கட்டும்.

எட்டு ஒன்பது வயதுக்கு மேல் முகம் நரைக்கும், எழுந்திருக்க நேரம் எடுக்கும். நடையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பாருங்கள், பல்லைப் பாருங்கள். செம்பி பன்னிரண்டு வயதில் போனாள். கடைசி மாதங்களில் அவளால் மைதானம் வரை நடக்க முடியவில்லை. ஆனாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து வாசலில் வந்து நிற்பாள், நான் சங்கிலியை எடுத்து மாட்டுவேன், தெருமுனை வேப்பமரம் வரை மெதுவாகப் போவோம், அங்கே கொஞ்ச நேரம் நின்று, வருகிற போகிற பூனைகளையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.